அவனா, அவளா? ‘அவங்க’ போதுமே!

தம்மை ஆண் என்றோ பெண் என்றோ அடையாளப்படுத்தாத ஒருவரைத் தமிழில் எப்படிக் குறிப்பிடுவது? மலாய்மொழியில் ‘டியா’ என்ற ஒரே சொல் எல்லாருக்கும் பொருந்தும். தமிழிலும் ‘அவர் வந்தார்’ என்று எழுதினால் ஆணா பெண்ணா என்பது தெரியாது. தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட சொற்பட்டியலில் உள்ள ‘திருநர்’, ‘பால்புதுமையர்’ ஆகியவையும் இந்த ‘அர்’ விகுதியையே ஏற்றுள்ளன.

பேச்சில் ‘அவரு’ பெரும்பாலும் ஆணையே சுட்டும். அதனால் ‘அவங்க வந்தாங்க’ என்பதே பொருத்தம். ‘அது’ என்பது மனிதரைச் சிறுமைப்படுத்தும்.

உறவுமுறையில்தான் சிக்கல். மலாய் ‘அடிக்’ இருபாலருக்கும் பொது. தமிழில் தம்பி, தங்கை எனப் பிரிகிறது. அங்கே பெயர் சொல்லலாம். எப்படி அழைப்பது என்று அவரிடமே கேட்பது இன்னும் நல்லது.