வால் முளைத்த கார்

ஆபீஸில் என் பக்கத்து சீட்டுக்காரன் ஆறு மாச ஆன்சைட் முடிச்சு ஸ்டட்கார்ட்டிலிருந்து திரும்பி வந்தான். சாக்லேட்டோட கூடவே ஒரு கதையும் கொண்டு வந்தான். ஞாயித்துக்கிழமை விடிகாலை, காலியான ஆட்டோபான், கூட வேலை பார்க்கிற ஜெர்மன்காரர் ஓட்டுகிறார், இவன் பக்கத்தில் உட்கார்ந்து தெரிஞ்ச சாமியை எல்லாம் கும்பிடுகிறான். முள் 250-ஐத் தொட்டதாம். அதுக்கு மேல எவ்வளவு மிதிச்சாலும் நகரலையாம்.

"இஞ்சின்ல இன்னும் தெம்பு இருக்குடா. ஆனா யாரோ பின்னாடி கயிறு கட்டி இழுத்த மாதிரி நின்னுடுச்சு. அதுக்கு மேல போனா வண்டி கவுந்துடும்னு கம்பெனிக்காரனே பூட்டி வச்சிருக்கான் போல."

பூட்டி வச்சிருக்கான் என்பது சரி. கவுந்துடும் என்பதுதான் இடிக்குது. இதைப் பத்தி நான் கொஞ்ச நாளாகவே நோண்டிக்கொண்டிருந்ததால் டீ ஆறும்வரை அவனுக்கு ஒரு லெக்சர் கொடுத்தேன். அவன் பாதியில் எழுந்து போய்விட்டான். மிச்சம் உங்களுக்கு :-)

முதலில் இந்த 250 எங்கிருந்து வந்தது? இயற்பியலிலிருந்து இல்லை, அரசியலிலிருந்து. 1973 எண்ணெய் நெருக்கடியின்போது ஜெர்மனியில் ஆட்டோபானுக்கு 100 கி.மீ. கட்டுப்பாடு போட்டார்கள். நாலு மாசம்கூடத் தாங்கவில்லை, 1974 மார்ச்சில் தூக்கிவிட்டார்கள். அதுக்குப் பிறகு 130-ல் போனா நல்லது என்று ஒரு சிபாரிசு மட்டும் வந்தது. கவனிங்க, சிபாரிசுதான். அங்கே வேகக் கட்டுப்பாடு பற்றிப் பேசுவது நம்மூரில் ஜல்லிக்கட்டைத் தடை செய்யணும்னு பேசுவது மாதிரி. ஓட்டு போயிடும்.

1980களில் காற்று மாசினால் காடுகள் சாகின்றன என்று அங்கே பெரிய பீதி கிளம்பியது. 1983-ல் பசுமைக் கட்சி நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. வேகத்துக்குச் சட்டம் போடு என்ற குரல் மறுபடி பலமானது. இன்னொரு பக்கம் கார் கம்பெனிகள் பன்னிரண்டு சிலிண்டர் இஞ்சின் தயாரிப்பதில் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. இப்படியே போனால் அரசாங்கம் கை வைக்கும் என்று தெரிந்து, அவர்களாகவே ஒரு கோடு கிழித்துக்கொண்டார்கள். 1987-ல் வந்த பிஎம்டபிள்யூ 750-தான் 250-ல் நிறுத்தப்பட்ட முதல் கார். பென்ஸ் முதலான மற்றவர்களும் அதே கோட்டில் நின்றார்கள். போர்ஷே மட்டும் நமக்கு இது சரிப்படாதுன்னு ஒதுங்கிக்கொண்டது. இதில் எதுவும் சட்டம் இல்லை, கனவான்களின் வாய்வார்த்தை.

பூட்டும் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நேராகக் கம்பி இழுத்து த்ராட்டில் திறந்த காலம் அப்போதே மாறிக்கொண்டிருந்தது. அந்த 750-ல் மிதிக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. வேகம் 250-ஐ நெருங்கினால் நீங்கள் கேட்கிறதை அது கொடுக்காது. எங்க பாஷையில் சொன்னால் ஒரு இஃப் கண்டிஷன், ஒரு கான்ஸ்டன்ட். அவ்வளவே. பிற்காலத்தில் தனியாகக் காசு கட்டினால் அதே காரில் அந்த எண்ணை 280, 300 என்று ஏற்றிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். சில கம்பெனிகள் அதோடு ஒரு ஓட்டுநர் பயிற்சியும் சேர்த்துத் தருகிறார்கள். லைசென்ஸ் கீ வாங்கி ஃபீச்சரைத் திறக்கிற நம்ம வியாபாரமேதான்.

ஜப்பானில் இதே கதை 180-ல் நடந்தது. 2007-ல் வந்த நிஸ்ஸான் ஜிடி-ஆர் ஒரு படி மேலே போய், வண்டி பந்தய மைதானத்துக்குள் இருக்கிறதா என்று ஜிபிஎஸ்-ஸில் பார்த்து, இருந்தால் மட்டும் பூட்டைத் திறந்துவிடும். எழுதினவன் யாரோ, கையைக் கொடுங்க!

சரி, நண்பனின் சந்தேகத்துக்கு வருவோம். வேகமாகப் போனால் வண்டி தறிகெட்டுப் போகுமா? போகும். ஆனால் அது 250-ல்தான் ஆரம்பிக்கும் என்று யார் சொன்னது?

இதில் முதல் பெரிய பாடம் ஆட்டோபானிலேயே கிடைத்தது. 1938 ஜனவரி 28. ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கும் டார்ம்ஸ்டாட்டுக்கும் நடுவே சாலையை அடைத்துவிட்டு பென்ஸும் ஆட்டோ யூனியனும் சாதனைக்கு மோதின. காலையில் பென்ஸில் ருடால்ஃப் கராச்சியோலா 432.7 கி.மீ. வேகத்தைத் தொட்டார். பொதுச் சாலையில் அந்த வேகத்தை முந்த 2017 வரை ஆனது, யோசிச்சுப் பாருங்க. அதே நாள், அதே சாலையில், ஆட்டோ யூனியன் சார்பில் பெர்ன்ட் ரோஸ்மேயர் இறங்கினார். வயது 28. மரங்கள் மறைத்திருந்த சாலையில் ஒரு திறந்த வெளி வந்த இடத்தில் பக்கவாட்டுக் காற்று அடித்து வண்டியைத் தள்ளியதாகச் சொல்கிறார்கள். வண்டி சாலையை விட்டுப் பறந்தது. அவர் தூக்கி எறியப்பட்டு இறந்தார். அங்கே இப்போதும் ஒரு நினைவுக்கல் இருக்கிறது.

அந்த ஆட்டோ யூனியனின் நாலு வளைய முத்திரையைத்தான் இன்று அவுடி போட்டிருக்கிறது. (நம்மூரில் ஆடி என்கிறோம். ஆடித் தள்ளுபடியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று இங்கே அவுடி.) இந்தத் தொடர்பு ஏன் என்றால், அடுத்த பாடமும் அதே வீட்டில்தான்.

1995 ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அவுடி ஒரு மாதிரிக் காரை வைத்தது. பேர் டிடி. முன்பக்கம் ஒரு வில், கூரை ஒரு வில், பின்பக்கம் ஒரு வில். எங்கேயும் ஒரு கூர்மையான விளிம்பு கிடையாது. ஆத்தங்கரைக் கூழாங்கல்லுக்கு சக்கரம் மாட்டின மாதிரி. நான் கல்லூரி ஹாஸ்டல் அலமாரியில் படம் ஒட்டி வைத்திருந்த கார் இது, அதனால் என் சாட்சி கொஞ்சம் ஒருதலைப்பட்சம்தான். பொதுவாகக் கண்காட்சிக் கார்கள் ஃபேக்டரிக்குப் போய்த் திரும்பும்போது அடையாளமே தெரியாமல் மாறியிருக்கும். இதை ஏறக்குறைய அப்படியே 1998-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். உலகமே கொண்டாடியது. உள்ளே இருந்தது கோல்ஃப் காரின் அடித்தளம். 225 குதிரைத்திறன் மாடலின் உச்ச வேகம் மணிக்கு 243 கி.மீ.

243. அதாவது 250 பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வண்டிக்கு ஒன்றுதான். எட்டவே எட்டாது.

ஆனால் சீக்கிரமே ஆட்டோபானிலிருந்து செய்திகள் வர ஆரம்பித்தன. 180-க்கு மேல் போகும்போது சட்டென்று லேன் மாறினாலோ வளைவில் திருப்பினாலோ பின்பக்கம் பிடியை விட்டுவிடுகிறது. விபத்துகள். உயிரிழப்புகள். ஓட்டினவர்கள் எல்லாரும் பைத்தியக்காரர்கள் இல்லை. சட்டம் அனுமதித்த சாலையில், கம்பெனி வாக்குக் கொடுத்த வேகத்துக்கும் கீழே போனவர்கள்.

ஏன் இப்படி? காரைப் பக்கவாட்டில் பாருங்கள். அடி தட்டை, மேலே வளைவு. விமான இறக்கையின் குறுக்குவெட்டும் அதேதான். மேலே ஓடும் காற்று வளைவைச் சுற்றி வேகமெடுக்கும், அங்கே அழுத்தம் குறையும், வண்டியை மேலே தூக்கப் பார்க்கும். இந்தத் தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 100-லிருந்து 200-க்குப் போனால் ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. நகரத்துக்குள் ஓட்டிப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. டிடியின் பின்பக்க வளைவில் காற்று கடைசி வரைக்கும் ஒட்டிக்கொண்டே கீழே இறங்கும். பார்க்க எவ்வளவு அழகோ அவ்வளவு தூக்கும். பின் சக்கரங்கள் சாலையில் பதியும் பாரம் குறைந்துகொண்டே வரும்.

இந்த நிலைமையில் முன்னால் ஒரு லாரி திடீரென்று லேன் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஸ்டியரிங்கை வெட்டுவீர்கள், கூடவே பயத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பீர்கள். எல்லாரும் செய்வது அதுதான். காலை எடுத்ததும் பாரம் முன்பக்கம் சாயும். ஏற்கெனவே லேசாகியிருந்த பின்பக்கம் இன்னும் லேசாகும். பின் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கி முன் சக்கரத்தை முந்தப் பார்க்கும். அவ்வளவுதான், சுழற்சி. பந்தய ஓட்டுநராக இருந்தால் எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் ஒடித்து மீட்கலாம். நானும் நீங்களும்?

இது தெரியாத விஷயமும் இல்லை. 1972-லேயே போர்ஷே தன் 911 கரேராவின் பின்னால் வாத்து வால் மாதிரி ஒன்றை வைத்தது இந்தத் தூக்கைக் குறைக்கத்தான். தெரிந்தும் தப்பு நடக்கும் என்பதற்கு இன்னொரு சாட்சி: அதே 1999 ஜூனில் லெ மான் பந்தயத்துக்கு பென்ஸ் கொண்டுவந்த சிஎல்ஆர் கார்கள் முன்பக்கம் தூக்கி ஆகாயத்தில் பல்டி அடித்தன. ஒரு தடவை இல்லை, மூணு தடவை. தகுதிச் சுற்றில் ஒன்று, காலைப் பயிற்சியில் ஒன்று, மூன்றாவது பந்தயத்தின்போதே. அதில் ஓட்டுநர் பீட்டர் டம்ப்ரெக் மரங்களுக்கு நடுவே விழுந்து உயிர் பிழைத்தார். அத்தனை பேரும் காற்றுச் சுரங்கத்திலேயே குடியிருந்த எஞ்சினியர்கள்.

1999 கடைசியில் அவுடி இறங்கி வந்தது. புது வண்டிகளில் மாற்றம், ஏற்கெனவே விற்ற வண்டிகளையும் திரும்ப அழைத்து மாற்றம். சஸ்பென்ஷனைக் கொஞ்சம் திருத்தி, பின்பக்கம் வழுக்கும் குணத்தைக் குறைத்தார்கள். இஎஸ்பி சேர்த்தார்கள். பூட் மூடியின் விளிம்பில் ஒரு சின்ன ஸ்பாய்லர் வைத்தார்கள். வளைவோடு ஒட்டி இறங்கிக்கொண்டிருந்த காற்றை அந்த விளிம்பு "இத்தோட நில்லு" என்று வெட்டிவிடும். கூழாங்கல்லுக்கு வால் முளைத்தது.

இஎஸ்பி-யின் கதை தனி சுவாரஸ்யம். 1989-ல் ஸ்வீடனில் பனிச்சாலையில் சோதனை ஓட்டத்தில் இருந்த பென்ஸ் எஞ்சினியர் ஃப்ராங்க் வெர்னர் மோன் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டார். இழுத்துச் செல்லும் வண்டிக்குக் காத்திருக்கும்போதுதான் யோசனை: கார் சுழல்வதை ஒரு கருவி அளந்து, தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானாகப் பிரேக் போட்டால்? சுழற்சியை அளக்க முதலில் பயன்பட்டது ஒரு பொம்மை ஹெலிகாப்டரின் ஜைரோஸ்கோப். (நம்ம ப்ராஜெக்ட் ஞாபகம் வருதா?) 1995-ல் பாஷ் தயாரிப்பாக பென்ஸின் பெரிய காரில் வந்தது. ஓட்டுநர் ஸ்டியரிங்கில் எங்கே போகச் சொல்கிறார், வண்டி உண்மையில் எங்கே போகிறது, இரண்டையும் நொடிக்கு 25 தடவை ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் வந்தால் ஒரு சக்கரத்தைப் பிடித்து வண்டியைத் திருப்பும். 1997-ல் ஒரு ஸ்வீடன் பத்திரிகையின் சோதனையில் சின்ன பென்ஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்து மானம் கப்பலேறியபோது, அதைக் காப்பாற்றியதும் இதேதான். அந்தக் காரில் எல்லா மாடலுக்கும் இஎஸ்பி கட்டாயமாக வந்தது. அது நடந்து ஒரு வருஷம் கழித்து வந்த முதல் டிடிகளில் அது கிடையாது. எனக்கு ஆறாத விஷயம் இதுதான். கண்ணெதிரே பக்கத்து வீடு பற்றியெரிந்திருக்கிறது, மருந்தும் கடையில் இருக்கிறது. ஐரோப்பாவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது சட்டப்படி கட்டாயமாக 2014 நவம்பர் வரை ஆனது.

பூட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரெண்டுமே சாஃப்ட்வேர், ரெண்டுமே சக்கரத்தின் வேகத்தைப் படிக்கின்றன. ஒன்று ஒரே ஒரு எண்ணைப் பார்க்கிறது. சாலை ஈரமா, காற்று பக்கவாட்டில் அடிக்கிறதா, பின் சக்கரத்தில் பாரம் இருக்கிறதா, எதுவும் அதுக்குத் தெரியாது. மற்றது வேகம் 60-ஆ 240-ஆ என்று கவலைப்படாமல் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. கனவான்கள் கைகுலுக்கி ஒப்புக்கொண்டது முதலாவதை. 1999-ல் ஆட்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இரண்டாவது. நம்மூரில் 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் 80-க்கு மேல் போனால் பீப் பீப் என்று கத்தி, 120-க்கு மேல் நிறுத்தாமல் கத்துவதும் முதல் ஜாதிதான். கிண்டியில் மழை நாளில் 50-ல் வழுக்கினால் அது வாயைத் திறக்காது.

டிடி கதையில் கடைசியாக ஒன்று. அந்த வால் அழகைக் கெடுக்கிறது என்று சில சொந்தக்காரர்கள் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். ஸ்பாய்லர் பொருத்தக் கூப்பிட்டும் போகவில்லை. திட்டலாம்னு பார்த்தேன், முடியல. அந்தப் படத்தை அலமாரியில் ஒட்டி வைத்தவன் நான்.

2006-ல் வந்த இரண்டாம் தலைமுறை டிடியில் அவுடி இரண்டு பேரையும் சமாதானப்படுத்தியது. நின்றால் வால் உடம்புக்குள் மறைந்திருக்கும், சுமார் 120-ஐத் தாண்டினால் தானாக எழும்பும், வேகம் குறைந்தால் மடங்கிக்கொள்ளும். கூடவே கையால் தூக்கிக்கொள்ள ஒரு பட்டனும் வைத்தார்கள். டிடி தயாரிப்பு 2023-ல் நின்றுபோனது. வாலே வேண்டாம் என்று அடம்பிடித்த அதே காருக்கு, அந்தப் பட்டனை அமுக்கி சிக்னலில் நிற்கும்போதுகூட வாலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிற ஆட்களும் வந்தார்கள்.