ஆக்ராவில் ஒப்புக்கொண்ட ஏழெட்டு இடங்கள்: விவிலியத்தின் நம்பகத்தன்மை குறித்த ஒரு வாதத்தின் வரலாறு

விவிலியம் திரிக்கப்படவில்லை என்று முஸ்லிம்களிடம் வாதிடும் கிறிஸ்தவர் இன்று முதலில் எடுத்து வைப்பது கையெழுத்துப் படிகளை. சினாய்ப் படி, வத்திக்கான் படி, கும்ரான் சுருள்கள் என்று பட்டியல் நீளும். ஆனால் கிறிஸ்தவ, இஸ்லாமிய உரையாடலின் நீண்ட வரலாற்றில் இந்தச் சான்று மிகப் பிற்பட்டது. அதற்கு முன்பு பல நூற்றாண்டுகள் வேறு வகைச் சான்றுகளே போதுமானவையாகக் கருதப்பட்டன. கிறிஸ்தவர்கள் தாமாகவே ஆராய்ந்து தெளிந்து இந்த இடத்துக்கு வந்துவிடவில்லை. முஸ்லிம் அறிஞர்களின் மறுப்பே அவர்களை இங்கே தள்ளியது. அந்தத் திருப்பம் இந்திய மண்ணில்தான் வெளிப்படையாக நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரை நிறுவ முயல்வது.

பழைய வாதம் இரண்டு கால்களில் நின்றது. ஒன்று, குர்ஆனே முந்தைய வேதங்களுக்குச் சாட்சி சொல்கிறது என்பது. ஐயம் இருந்தால் முன்னர் வேதத்தை ஓதியவர்களிடம் கேட்கச் சொல்லும் 10:94, இன்ஜீல் (சுவிசேஷம்) உடையோர் அதன்படி தீர்ப்பளிக்கட்டும் என்னும் 5:47 ஆகிய வசனங்கள் இதற்கு எடுத்தாளப்பட்டன. திரிக்கப்பட்ட நூலைக் கொண்டு தீர்ப்பளிக்கச் சொல்வார்களா என்பது கேள்வி. மற்றொன்று, பகைவர் சாட்சி. 781ஆம் ஆண்டளவில் கலீபா அல்-மஹ்தியின் அவையில் உரையாடிய கிழக்குத் திருச்சபைத் தலைவர் முதலாம் தீமோத்தேயு இதை முன்வைத்தார்: யூதரும் கிறிஸ்தவரும் ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள், இருவர் கையிலும் தீர்க்கதரிசிகளின் நூல்கள் ஒரே மாதிரி இருக்கின்றன, கூடிப் பேசித் திருத்தியிருக்க வழியில்லை. இது கூர்மையான வாதம்தான். ஆனால் பழைய ஏற்பாட்டை மட்டுமே அது காக்கும். சுவிசேஷங்களுக்கு யூதர் சாட்சி இல்லையே.

தமிழகக் கரைக்கு இந்தப் பேச்சு 18ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. தெற்கே தரங்கம்பாடி, வடக்கே சென்னை என இரண்டு மிஷன் மையங்கள். இவற்றுக்கு நடுவே, கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம் அடங்கிய செங்கல்பட்டுப் பகுதி 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுக்கப்படும்வரை ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்தது. தர்காவும் மாதா கோயிலும் ஒரே ஊரில் இருக்கும் கோவளத்தை இன்று பார்ப்பவருக்கு இது இரு சமயங்களின் அண்டைவீட்டு உறவாகத் தெரியும். அன்றைய மிஷனரிக்கோ முஸ்லிம் என்பவர் வணிகர், போர்வீரர், அதிகாரி, ஆட்சியாளர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தொடங்கி, மிஷனரிகள் முஸ்லிம்களோடு நடத்திய உரையாடல்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான அறிக்கைகளில் பதிவாகியுள்ளன. 1726இல் சென்னைக்கு வந்து 1743வரை இருந்த பெஞ்சமின் ஷூல்ட்சே முஸ்லிம்களுக்காகத் தக்கனி இந்துஸ்தானியைக் கற்று, அதற்கு லத்தீனில் இலக்கணம் எழுதி, விவிலியப் பகுதிகளையும் அம்மொழியில் பெயர்த்தார். யூத, முஸ்லிம் வாசகர்களுக்கென்றே 1728இல் காலன்பெர்க் ஹாலேயில் நிறுவிய நிறுவனம் இவற்றை அச்சிட உதவியது. நூலைப் படித்தால் அதன் உண்மை தானே விளங்கும் என்பது இவர்களின் நம்பிக்கை. மூலப் பாடம் எப்படிக் கைமாறி வந்தது என்ற கேள்விக்கு அந்த முயற்சியில் இடம் குறைவு. இத்தனைக்கும் ஐரோப்பாவில் ஜான் மில் 1707இலேயே புதிய ஏற்பாட்டுப் படிகளுக்கிடையே சுமார் 30,000 பாட வேறுபாடுகளைத் திரட்டி வெளியிட்டிருந்தார்.

அந்த இடைவெளிதான் ஆக்ராவில் வெடித்தது. ஜெர்மானியரான கார்ல் பிஃபாண்டர் எழுதிய ‘மீஸானுல் ஹக்’ பழைய இரு கால்களையும் வலுவாக ஊன்றி, விவிலியம் முகம்மதுக்கு முன்னும் பின்னும் மாறவில்லை என்று வாதிட்ட நூல். 1854 ஏப்ரல் 10, 11 தேதிகளில் அவரோடு பொதுமேடையில் வாதிட்டவர் கைரானாவைச் சேர்ந்த மௌலானா ரஹ்மத்துல்லா. அவருக்குத் துணை நின்ற மருத்துவர் வஸீர் கான் ஐரோப்பிய விவிலிய ஆய்வு நூல்களைத் தேடிச் சேகரித்து வைத்திருந்தார். முஸ்லிம் தரப்பு குர்ஆனிலிருந்து மேற்கோள் காட்டும் என்று எதிர்பார்த்து வந்த பிஃபாண்டர், கிறிஸ்தவ அறிஞர்களின் புத்தகங்களே தம் முன் விரிக்கப்படுவதைக் கண்டார். திரித்துவத்துக்கு வெளிப்படைச் சான்றாகக் கொள்ளப்பட்ட 1 யோவான் 5:7 உள்ளிட்ட ஏழெட்டு இடங்களில் பாடம் மாறியிருப்பதைப் பிஃபாண்டர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அடிப்படைப் போதனை எதையும் அது தொடவில்லை என்றார். சில இடங்களில் மாற்றம் உறுதியான பின் மற்ற இடங்களுக்கு என்ன உத்தரவாதம் என்பது மறுதரப்பின் பதில். ரஹ்மத்துல்லா பின்னர் அரபியில் எழுதிய ‘இஸ்ஹாருல் ஹக்’ 1864இல் வெளியானது. அதைப் படித்துத் தூண்டப்பட்டவர்தான் தென்னாப்பிரிக்காவின் அஹமத் தீதாத். 1986இல் அமெரிக்கப் போதகர் ஜிம்மி ஸ்வாகர்ட்டோடு அவர் நடத்திய விவாதத்தில் ஆக்ராவின் எதிரொலி தெளிவாகவே கேட்கிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். பாட வேறுபாடுகளை ஐரோப்பிய கிறிஸ்தவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். 1881 ஆங்கிலத் திருத்தப் பதிப்பு 1 யோவான் 5:7இன் நீண்ட வடிவத்தைக் கைவிட்டதற்கும் ஆக்ராவுக்கும் தொடர்பில்லை. பிறகு முஸ்லிம்களுக்கு என்ன பங்கு? அறிந்திருந்தது உண்மை. ஆனால் அறிஞர் அறைக்குள் தெரிந்திருப்பது வேறு, எதிராளியிடம் சொல்லும் வாதத்தில் அதற்கு இடம் தருவது வேறு. ஆக்ராவுக்குப் பிந்தைய நூல்களைப் பார்த்தால் உரிமைகோரலின் அளவே சுருங்கியிருக்கிறது: எழுத்துக்கு எழுத்து மாறவில்லை என்ற இடத்தில், சாரம் மாறவில்லை, வேறுபாடுகளை எண்ணிக் காட்டலாம் என்பது வந்து நிற்கிறது. கிறிஸ்தவத் தரப்பில் வில்லியம் முயர் 1856இல் குர்ஆன் சாட்சிகளைத் தனி நூலாகத் தொகுத்தது பழைய வாதத்தின் முதல் காலைப் பலப்படுத்தும் முயற்சி. 1910இல் செயின்ட் கிளேர் டிஸ்டால் திருத்தி விரித்த ‘மீஸானுல் ஹக்’ ஆங்கிலப் பதிப்பிலோ இஸ்லாத்துக்கு முந்தைய பழங்கையெழுத்துப் படிகள் முக்கிய இடம் பிடித்துவிட்டன. முஸ்லிம் தரப்பும் ஒரே குரலில் பேசவில்லை. சர் சையத் அகமது கான் 1862இல் வெளியிட்ட விவிலிய விளக்கவுரையில், திரிபு என்பது பெரும்பாலும் பொருள் கொள்வதில் நேர்ந்தது, மூலத்தை வேண்டுமென்றே அழித்துவிடவில்லை என்ற நிலையை எடுத்தார். கிறிஸ்தவ வாதிகள் அவரை மேற்கோள் காட்டத் தயங்கவில்லை. இயேசு தெய்வம் என்னும் கோட்பாட்டை அவர் ஏற்கவில்லை என்பதைச் சொல்லத்தான் சிலர் மறந்தார்கள்.

சென்னையில் இந்தப் போக்கு வேறு திசை எடுத்தது. 1865இல் வந்து முஸ்லிம் மாணவர்களுக்கான ஹாரிஸ் பள்ளியை நடத்திய எட்வர்ட் செல் அரபி, பாரசீக மூலங்களில் தேர்ந்தவர். 1880இல் வந்த அவரது இஸ்லாம் பற்றிய நூலும், பிற்பாடு குர்ஆனின் வரலாற்று வளர்ச்சி பற்றி எழுதியதும், விவிலியத்தின் மீது பாய்ந்த வரலாற்று ஆய்வுக் கருவியைக் குர்ஆன் பக்கம் திருப்புகின்றன. இது தற்காப்பு ஆகாது. இரு நூல்களையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் அடுத்த நூலிலும் வரலாறு இருக்கிறது என்று காட்டுவதால் தன் நூலின் பாடம் உறுதிப்பட்டுவிடாது.

கையெழுத்துப் படிகள் எதை நிறுவுகின்றன? நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் படியும் வத்திக்கான் படியும், இஸ்லாம் தோன்றிய பின் விவிலியம் மாற்றப்பட்டது என்ற கூற்றை வீழ்த்திவிடுகின்றன. இதில் கிறிஸ்தவத் தரப்பு வென்றதாகவே கொள்ள வேண்டும். ஆனால் 11ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் அறிஞர் இப்னு ஹஸ்ம் எழுப்பிய குற்றச்சாட்டு நூல்களின் தோற்றக் காலத்தையே குறிவைத்தது. மேலும் முஸ்லிம் கருத்தில் இன்ஜீல் ஈஸா நபிக்கு, அதாவது இயேசுவுக்கு, அருளப்பட்டது. கிறிஸ்தவர் காப்பது இயேசுவைப் பற்றிச் சீடர் மரபு எழுதிய நான்கு நூல்களை. அந்த நான்கும் பிசகில்லாமல் நம் கைக்கு வந்தன என்று நிறுவினாலும் இந்த வேறுபாடு அப்படியே நிற்கும். படி எண்ணிக்கையை அடுக்கும் பேச்சாளர்கள் இதை அடிக்கடி தாண்டிச் செல்கிறார்கள்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமை பெற்ற பதிப்பே தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபைகளில் இன்றும் பெருவழக்கு. ஆக்ராவில் பிஃபாண்டர் கைவிட்ட 1 யோவான் 5:7 அதில் நீண்ட வடிவிலேயே அச்சாகி வருகிறது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து 1995இல் கொணர்ந்த பொது மொழிபெயர்ப்பில் அந்த நீண்ட வடிவம் இல்லை. பழைய படிகளைச் சான்றுக்கு அழைக்கும் பேச்சாளர் கையில் இருப்பது பெரும்பாலும் முதல் பதிப்பு. அவர் போற்றும் சினாய்ப் படியோ அந்த வசனத்தில் இரண்டாவதன் பக்கம் நிற்கிறது.