சனிக்கிழமை ராத்திரி – 17: ஒபாமாவுக்கு ஒரு தலையணை

2008 பிப்ரவரி 12. அமெரிக்க சினிமா, டிவி எழுத்தாளர் சங்கத்து உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். நூறு நாள் வேலைநிறுத்தம் முடிந்தது. டிவிடிக்கு எத்தனை காசு, இணையத்தில் ஓடினால் யாருக்குப் பங்கு என்ற வழக்கெல்லாம் முன்பே பார்த்தாயிற்று. முதலாளிகளை எப்படி வழிக்குக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை. அதற்குமுன் பதினொரு நாள் முன்னே ஓடி, ஒரு சனிக்கிழமையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

பிப்ரவரி 23, இரவு பதினொன்றரை. நியூயார்க் ராக்பெல்லர் பிளாசா, 'சாட்டர்டே நைட் லைவ்' நடக்கும் 8-எச் ஸ்டூடியோ. மற்ற ராத்திரி நிகழ்ச்சிகள் ஜனவரியிலேயே திரும்பிவிட்டிருந்தன. லெட்டர்மேனின் கம்பெனி சங்கத்தோடு தனி ஒப்பந்தம் போட்டு எழுத்தாளர்களை அழைத்துக்கொண்டது. கோனன் ஓ'பிரையன் எழுத்தாளர்கள் இல்லாமல், வேலைநிறுத்தத் தாடியோடு வந்து, மேசைமேல் கல்யாண மோதிரத்தைச் சுழலவிட்டு நேரத்தை ஓட்டினார். 'சாட்டர்டே நைட் லைவ்' அப்படி வரமுடியாது. ஒரே வாரத்தில் எழுதி, ஒத்திகை பார்த்து, ஒன்றரை மணி நேரம் நேரலையில் நடிக்கிற நிகழ்ச்சி அது. காமெடி நடிகர் மேடையேறினால் சிரிப்பு தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு, அந்த ஸ்டூடியோ மூன்றரை மாதம் பூட்டிக்கிடந்ததே பதில்.

திரும்பிய இரவுக்குத் தொகுப்பாளர் டினா ஃபே. அதே நிகழ்ச்சியின் முன்னாள் தலைமை எழுத்தாளர். இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. குடியரசுக் கட்சி வேட்பாளர் போட்டியில் தோற்றுக்கொண்டே விலகாமலிருந்த மைக் ஹக்கபி வந்து, பேசி முடித்தும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் தன்னைத் தானே கேலி செய்துகொண்டார். ஆனால் அன்றைக்குப் பேச்சானது முதல் ஸ்கெட்ச்தான். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் போட்டியில் மோதிக்கொண்டிருந்த ஒபாமா – ஹிலாரி விவாதம். ஃப்ரெட் ஆர்மிசன் ஒபாமா. ஏமி போலர் ஹிலாரி. கேள்வி கேட்கும் நிருபர்கள் ஒபாமாவைப் பார்த்து உருகுகிறார்கள், வசதியாக இருக்கிறதா, ஏதாவது வேண்டுமா என்று உபசரிக்கிறார்கள். ஹிலாரி பக்கம் திரும்பினால் மட்டும் முகம் கடுக்கிறது.

எழுதியவர் ஜிம் டவுனி. இந்தத் தொடரை ஆரம்பித்த நாளிலிருந்தே இந்த மனிதரைப் பற்றி எழுதக் கை துடித்துக்கொண்டிருக்கிறது.

ஹார்வர்டில் படித்தவர். 1976-ல் உள்ளே வந்தார். எண்பதுகளின் நடுவிலிருந்து 1995 வரை தலைமை எழுத்தாளர். 2000-ல் புஷ் – அல் கோர் விவாத ஸ்கெட்ச்சும் இவர் கைவண்ணமே. அகராதியில் இல்லாத 'ஸ்ட்ராட்டஜரி' என்ற சொல்லை வில் ஃபெரல் நடித்த புஷ்ஷின் வாயில் வைத்தார். பின்னால் புஷ்ஷின் வெள்ளை மாளிகை ஆட்களே அதை விளையாட்டாகச் சொல்லித் திரிந்தார்கள். விவாதத்தில் தான் எப்படித் தெரிகிறோம் என்று புரிந்துகொள்ள, கோரை அவருடைய ஆட்களே உட்காரவைத்து அந்த ஸ்கெட்ச்சைப் போட்டுக் காட்டினார்கள்.

அந்த 2000 ஸ்கெட்ச்சுக்கு இரண்டு வருடம் முன்புதான் டவுனிக்கு வேலை போயிருந்தது. நிகழ்ச்சியின் நையாண்டிச் செய்திப் பகுதியில் நார்ம் மெக்டொனால்டும் டவுனியும் வாராவாரம் ஓ.ஜே.சிம்சனைக் கொலைகாரன் என்று கிண்டலடித்தார்கள். என்.பி.சி.யின் பெரிய அதிகாரி டான் ஓல்மேயர் சிம்சனின் நண்பர். 1998-ல் மெக்டொனால்டைச் செய்திப் பகுதியிலிருந்து எடுத்தார்கள். டவுனியை வீட்டுக்கே அனுப்பினார்கள். நட்பு காரணமில்லை, பகுதி எடுபடவில்லை என்றார் ஓல்மேயர். நான் நம்பவில்லை. நகைச்சுவை எடுபடாததற்கு வேலையை விட்டு அனுப்புவதென்றால் அந்த ஸ்டூடியோவில் பாதிப் பேர் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. எழுத்தாளர்கள் பதாகை தூக்கிக்கொண்டிருந்த 2007 டிசம்பரில் 'தேர் வில் பி பிளட்' படம் வெளியானது. அதில் கிணறு தோண்ட வந்த டேனியல் டே-லூயிஸ் ஊர் நிலமெல்லாம் யாருடையது என்று விசாரிப்பாரே, அந்த நிலத் தரகர் நம் டவுனிதான். ஒபாமா – ஹிலாரி ஸ்கெட்ச் ஒளிபரப்பான மறுநாள் இரவு அந்தப் படத்துக்காக டே-லூயிஸ் ஆஸ்கர் வாங்கினார். வேலைநிறுத்தம் நீண்டிருந்தால் அந்த ஆஸ்கர் விழாவே ஒழுங்காக நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

இனி பிப்ரவரி 26, கிளீவ்லேண்ட். இது அசல் விவாதம். முதல் கேள்விகளெல்லாம் தனக்கே வருவதாகக் குறைப்பட்ட ஹிலாரி, 'சாட்டர்டே நைட் லைவ்' பார்த்தீர்களா என்று கேட்டு, ஒபாமாவுக்கு இன்னொரு தலையணை வேண்டுமா என்று விசாரியுங்களேன் என்றார். நடத்திக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பிரையன் வில்லியம்ஸ். வேலைநிறுத்தத்துக்கு முந்தைய கடைசி நிகழ்ச்சியில், நவம்பர் 3 அன்று, தொகுப்பாளராக நின்றவர் இதே வில்லியம்ஸ். அன்றைக்கு ஒபாமா முகமூடி போட்டுக்கொண்டு மேடைக்கு வந்து, அதைக் கழற்றிக் காட்டிய ஆள் அசல் ஒபாமாவேதான். இதையெல்லாம் கற்பனையாக எழுதிக் கொடுத்தால் எந்த ஆசிரியரும் திருப்பி அனுப்பிவிடுவார்.

மார்ச் 1 அன்று ஹிலாரியே 8-எச்சுக்கு வந்தார். மார்ச் 4-ல் ஒஹையோவிலும் டெக்சாஸ் வாக்குப்பதிவிலும் ஜெயித்தார். அதை டவுனி வாங்கிக்கொடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆலைகள் மூடிய ஒஹையோவுக்குத் தொலைக்காட்சியைவிடப் பெரிய கவலைகள் இருந்தன. ஆனால் பத்திரிகையாளர்கள் அந்த வாரம் முழுக்க, நாம் ஒபாமாவிடம் மென்மையாக நடக்கிறோமா என்று தங்களுக்குள் விவாதித்துக்கொண்டிருந்ததற்கு அவர்தான் பொறுப்பு. ஓல்மேயர் வீட்டுக்கு அனுப்பிய ஆள்!

இடம் தீர்ந்தது. சங்கத் தலைவர் பாட்ரிக் வெரோன் பேச்சுவார்த்தை மேசையில் இன்னும் ஒரு வாரம் உட்கார்ந்திருக்கட்டும். நூறு நாள் காத்திருந்தவர்தானே.

(தொடரும்)