தாண்டூர் கல் தரையாகும் இரண்டு வழிகள்

ஐதராபாத்துக்கு மேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் தாண்டூர். இன்னும் மேற்கே கர்நாடக எல்லையைத் தாண்டினால் வாடி, ஷாபாத். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலாக இருந்த இந்த நிலத்தில் சுண்ணாம்புச் சேறு ஏடு ஏடாகப் படிந்து இறுகியது. அதனால் இங்கே கல்லை வெட்டுவதைவிடப் பெயர்ப்பது சுலபம். இரண்டு ஏடுகளுக்கு நடுவே கடப்பாரையை நுழைத்து நெம்பினால் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் கனத்தில் பலகையாக வந்துவிடும்.

1874-ல் வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு நிஜாம் ரயில்பாதை திறந்தது. கனமான இந்தச் சரக்குக்கு நகரம் பக்கத்தில் வந்துவிட்டது. ஐதராபாத்தின் பழைய வீடுகளில் முற்றத்திலும் சமையலறையிலும் மொட்டைமாடியிலும் இந்தச் சாம்பல் கல்லைப் பார்க்கலாம். ஷாபாத் பண்டா என்பார்கள். நம் ஊரில் கடப்பா கல்லுக்கு உள்ள இடம் அங்கே இதற்கு. ஏப்ரல் வெயிலில் வெறுங்காலோடு உள்ளே வருகிறவருக்கு இதைவிட நல்ல தரை கிடையாது என்றே நினைக்கிறேன்.

அந்தக் கல்லுக்கு இன்னொரு பயணமும் உண்டு. அது சூளை வழியாக. நிஜாம் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஷாபாத்தில் சிமெண்ட் ஆலை எழுந்தது. 1936-ல் பல சிமெண்ட் கம்பெனிகள் சேர்ந்து ஏசிசி உருவானபோது ஷாபாத் சிமெண்டும் அதில் ஒன்று. இன்று வாடியிலும் தாண்டூரிலும் சிமெண்ட் ஆலைகள் ஓடுகின்றன. கல் அங்கே நொறுங்கி, களிமண்ணோடு அரைபட்டு, சுழலும் சூளையில் 1,450 டிகிரி வரை வேகிறது. சுத்தமான சுண்ணாம்புக் கல் நூறு கிலோ உள்ளே போனால் அதில் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். எரிபொருளின் புகை தனிக் கணக்கு. கான்கிரீட்டைப் பசுமைப் பொருள் என்று சொல்லி விற்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் அடுக்குமாடிக்குக் கான்கிரீட் தளத்தை எப்படியும் போடத்தான் போகிறோம். சூளையில் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. அதன்மேல் இன்னும் என்ன கொண்டுவந்து கொட்டுவது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. வழக்கமாகத் தளத்தின்மேல் இரண்டு அங்குலக் கலவை, அதற்கு மேல் குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி ஏறி வரும் விட்ரிஃபைட் டைல்ஸ், இடுக்குகளில் க்ரௌட். இரண்டடிக்கு ஒரு கோடு. அந்தக் கோடுகள் சில வருடங்களில் கறுக்கும். அடியில் கலவை நிரம்பாத டைல்ஸை விரல் முட்டியால் தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும். ஒருநாள் கிளம்பி உடையும். அப்போது அதே டிசைன் கடையில் இருக்காது. தாண்டூர் கல் போட்டாலும் சுமை கூடத்தான் செய்யும். தாண்டூரின் பாலீஷ் பட்டறைகளைச் சுற்றிக் குவிந்துகிடக்கும் உடைசல்களும் பாலீஷ் சேறும் அந்தக் கணக்கில் சேர வேண்டியவை.

பாலீஷ் கான்கிரீட் இந்த மேலடுக்கு மொத்தத்தையும் தவிர்க்கிறது. தளம் போட்டு, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, 28 நாள் கழித்து மெஷின் ஏறும். முதலில் வைரத்துகள் பதித்த உலோகப் பற்கள்: 30, 60, 120 என்று கரடு குறைந்துகொண்டே வரும். மேலே படிந்த சிமெண்ட் பால் தேய்ந்ததும் உள்ளிருக்கும் ஜல்லி முகம் காட்டத் தொடங்கும். ஐதராபாத்தில் அது பெரும்பாலும் அந்த நகரத்துக் கிரானைட். 250 கோடி ஆண்டு வயதான பாறை. சாம்பல் பரப்பில் இளஞ்சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாக அந்தச் சில்லுகள் தெரிவதை எந்த டைல்ஸ் அச்சும் தர முடியாது.

பிறகு சிலிக்கேட் திரவம் ஊற்றித் தேய்ப்பார்கள். கான்கிரீட்டுக்குள் மிச்சமிருக்கும் சுண்ணாம்போடு அது வினைபுரிந்து நுண்துளைகளை அடைக்கும், பரப்பு கெட்டிப்படும். கடைசியாக 400, 800, 1,500 என்று ரெசின் பட்டைகள். பளபளப்பு தரையின் உடம்பிலேயே இருப்பதால் பெயின்ட் போல உரியாது. மங்கினால் திரும்பத் தேய்த்துக்கொள்ளலாம். ஃபோர்க்லிஃப்ட் ஓடும் கிடங்குகள் இதை விரும்புவதற்கும் அதுதான் காரணம். டைல்ஸாக இருந்தால் சக்கரம் விளிம்பை உடைத்துவிடும். கான்கிரீட்டிலும் விரிசலைக் கட்டுப்படுத்த வெட்டுக்கோடு போடுவார்கள், ஆனால் அது பன்னிரண்டு, பதினைந்தடிக்கு ஒன்றுதான்.

பாலீஷ் கான்கிரீட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. அது பிறவியிலேயே வந்தது. ரசத்துக்குக் கரைத்த புளி ஒரு துளி சிந்தி, துடைக்காமல் விட்டால், காலையில் அந்த இடம் வட்டமாக மங்கியிருக்கும். எலுமிச்சையும் தயிரும் அதையே செய்யும். தாண்டூர் கல்லிலும் இதே வட்டம் விழும். இரண்டிலும் இருப்பது சுண்ணாம்பு. சமையலறைக்கு மட்டும் கிரானைட்டோ டைல்ஸோ போடுவதில் தவறே இல்லை. கான்கிரீட்டில் மயிரிழை விரிசல்களும் வரும். அதைப் பார்க்கச் சகிக்காதவர்கள் இந்தத் தரை பக்கம் போக வேண்டாம்.

தேய்க்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கல்லாக்கும். வேக்குவம் பொருத்திய மெஷின் வேண்டும், அல்லது தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உலர்வாகத் தேய்க்கிற ஆட்களை வைத்துக் காசு மிச்சம் பிடிக்கும் காண்ட்ராக்டருக்கு வேலை கொடுக்காதீர்கள்.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது பெரும்பாலும் தேய்ப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கலவை லாரி வந்து நிற்கும்போது தண்ணீர் சேர்க்க விடாதீர்கள். சேர்த்தால் மேல்பரப்பு பலமிழந்து மாவாக உதிரும். பூச்சு வேலையும் பெயின்ட்டும் முடியும்வரை தரையைப் பிளைவுட் போட்டு மூடிவையுங்கள், எண்ணெய்க் கறையும் வெற்றிலைச் சாறும் உள்ளே இறங்கினால் எந்த எண் பட்டையும் எடுக்காது. பீரோ நிற்கப்போகும் மூலையில் நான்கடிக்கு நான்கடி முதலில் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். ஜல்லி எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அங்கே பார்த்து முடிவுசெய்த பிறகு மீதியைத் தேய்க்கலாம்.