கோப்புப் பரிமாற்ற நெறிமுறை

கணினிக்கும் தொலைவிலுள்ள சர்வருக்கும் இடையே கோப்புகளை அனுப்பவும் பெறவும் வகுக்கப்பட்ட நெறிமுறை, சுருக்கமாக எஃப்.டி.பி. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்ற அபய் பூஷண், அர்பாநெட் வலையமைப்புக்காக இதன் முதல் வரைவை 1971 ஏப்ரலில் வெளியிட்டார். 1985-இல் வந்த ஆர்.எஃப்.சி. 959 என்ற ஆவணமே இன்றும் இதற்கு அடிப்படை.

எஃப்.டி.பி.யின் தனித்தன்மை அது இரண்டு இணைப்புகளில் இயங்குவது. கட்டளைகள் சர்வரின் 21-ஆம் போர்ட் வழியே செல்லும். கோப்பு வேறோர் இணைப்பில் வரும். மூல வடிவில் இந்த இரண்டாம் இணைப்பைச் சர்வரே பயனரின் கணினியை நோக்கித் தொடங்கும். ஃபயர்வால்கள் பரவியதும் வெளியிலிருந்து வரும் இத்தகைய இணைப்புகள் தடுக்கப்பட்டன. எனவே இரண்டையும் பயனரின் கணினியே தொடங்கும் 'பாசிவ்' முறை வழக்கமாயிற்று. கோப்பின் உள்ளடக்கத்தை உரை முறையிலோ பைனரி முறையிலோ அனுப்பலாம்; படங்களைப் பைனரி முறையிலேயே அனுப்ப வேண்டும். உரை முறையில் அனுப்பினால் வரிமுடிவுக் குறிகள் மாற்றப்பட்டுக் கோப்பு சிதைய நேரும்.

இதன் பெருங்குறை பாதுகாப்பு. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் மறையாக்கமின்றி அப்படியே செல்வதால், வழியில் ஒட்டுக்கேட்பவர் எவரும் அவற்றைப் படித்துவிடலாம். குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகள் 2021-இல் இதன் ஆதரவை நீக்கின. அது சரியான முடிவே.

இக்குறைக்கு மாற்றாக உள்ள எஸ்.எஃப்.டி.பி. பெயரில் நெருங்கியது என்றாலும் முற்றிலும் வேறான நெறிமுறை. அது எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான தொடர்பு நெறிமுறையின் மீது, பொதுவாக 22-ஆம் போர்ட்டில், மறையாக்கப்பட்ட ஒரே இணைப்பில் இயங்குகிறது. கடவுச்சொல் தேவைப்படும் எந்தச் சர்வருக்கும் இதையே பயன்படுத்த வேண்டும்.