நாவலர் காலத்து யாழ்ப்பாணமும் தனிமனிதன் தெரிவும்

"ஊர் ஓடினால் ஒத்தோடு" என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. மனிதன் தன் விருப்பப்படி நடக்கின்றானா, அன்றிச் சமுதாயம் அவனை நடத்துகின்றதா என்னும் வினா மிகப் பழையது. பிறக்கும் வீடு, பேசும் மொழி, முதலிற் படிக்கும் பள்ளி ஆகிய இவற்றுள் ஒன்றையேனும் நாம் தெரிந்துகொண்டோமல்லோம். ஆயினும் எல்லாம் சமுதாயத்தின் செயலே எனின், ஒரே நாட்டில் ஒரே காலத்தில் வாழ்ந்தோர் அனைவரும் ஒரே வழியிற் சென்றிருத்தல் வேண்டும். அவ்வாறு சென்றனரா என்பதை நமது சரித்திரங் கொண்டே ஆராய்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு உத்தியோகத்தை விரும்பினர். உத்தியோகத்துக்கு வாயில் ஆங்கிலம். ஆங்கிலத்துக்கு வாயில் மிஷன் பாடசாலை. அமெரிக்க மிஷனார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி இவற்றுட் சிறந்து விளங்கியது. சைவ வீட்டுப் பிள்ளைகளும் இவ்வாயில்களையே நாடினர். இஃது அக்காலச் சமுதாயம் இட்ட பாதை.

அப்பாதையிலே நடந்த மூவரை நோக்குக. 1820இற் பிறந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை சைவக் குடும்பத்தவர். மிஷன் கல்வி பெற்றுக் கிறிஸ்தவரானார். "உதயதாரகை" பத்திரிகையின் ஆசிரியராய் விளங்கி, 1886இல் "பாவலர் சரித்திர தீபகம்" என்னும் அரிய நூலைத் தந்தார். 1832இற் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையோ கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர். வட்டுக்கோட்டையிற் பயின்று, சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, பின்னர்ச் சைவரானார். 1887இற் கலித்தொகையை அச்சேற்றியவரும் அவரே. மூன்றாமவர், 1822இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுகநாவலர். இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என வழங்கும் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். அவரோ சைவராகவே நிலைத்து, 1848இல் அவ்வுத்தியோகத்தைத் துறந்தார்.

பாதை ஒன்று, சென்றடைந்த இடங்கள் மூன்று! ஆதலின், தெரிவு என்பது வெறுந் தோற்றமன்று. மெய்யே என்பது பெறப்படும்.

எனினும் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் பெற்றார். கோயிலிற் பிரசங்கஞ் செய்தார்; சிறுவர்க்குப் பாலபாடம் எழுதினார். பாடசாலை, அச்சு, பிரசங்கம், எளிய வசனம் ஆகிய இந்நான்கும் எவருடைய ஆயுதங்கள்? பாதிரிமார் அன்றாடம் கையாண்டவையன்றோ? எதிர்த்து நின்றவரும் எதிரியின் பள்ளியிற் கற்றதைக் கொண்டே எதிர்த்தார். தெரிவு அவருடையது, கருவிகளைத் தந்தது காலம்.

நானும் மிஷன் பாடசாலையொன்றிலே படித்தவன். காலையில் அங்கே ஜெபம் கேட்டேன். மாலையில் வீட்டிலே தேவாரம் பாடினேன். "நீ எந்தப் பக்கம்?" என்று இரு பக்கத்தாரும் வினவியதுண்டு. நாவலர் சரித்திரத்தைப் படித்தபொழுதே, கற்ற இடத்துக்கு நன்றியும் கொண்ட கொள்கையில் உறுதியும் ஓர் உள்ளத்தில் ஒருங்கிருத்தல் கூடும் எனத் தெளிந்தேன்.

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றையுஞ் சொல்லல் வேண்டும். பெரியோர் பொறுத்தருள்க. மிஷனின் செல்வாக்கை எதிர்த்து நின்ற நாவலர், தாம் பிறந்த சமுதாயத்தின் சாதி ஆசாரத்தை எதிர்த்தாரல்லர். அவர் நூல்கள் அதனை ஏற்றே பேசுகின்றன. புறத்தேயிருந்து வந்த வற்புறுத்தல் கண்ணுக்குத் தெரிந்தது. அகத்தே ஊறிய வழக்கமோ இயற்கையே போலத் தோன்றிற்று. சமுதாயத்தின் வன்மை மிகப் பெரிதாவது, அதை நாம் உணராத இடத்திலேதான். அத்துணைப் பெரியாருக்கும் இஃது உண்மையாயின், நம் போன்ற எளியோர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

அவ்விடத்தும் தெரிவு பின்னாளிற் பிறந்தது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு எனப்பட்ட சங்கத்து இளைஞர்கள், ஹண்டி பேரின்பநாயகம் போன்றோர், சாதி வேற்றுமையைக் கண்டித்தனர். பாடசாலையிற் பிள்ளைகள் ஒரே வரிசையில் அமரவேண்டும் என்னும் சமாசனக் கொள்கைக்கு எழுந்த எதிர்ப்போ சிறிதன்று. 1957இற் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, உட்சென்று வழிபடக் கேட்டு நின்ற சைவர்களைச் சைவர்களே தடுத்தனர். சட்டம் மாறிற்று, தடுத்தவர் ஒவ்வொருவர் உள்ளமும் மாறவில்லை. தடுத்தவர் பலரும் "ஊர் வழக்கம்" என்றே கூறியிருப்பர். ஆனால் ஊர் என்பது யார்? தனித்தனியே தெரிந்து நடக்கும் மனிதரின் கூட்டமன்றோ?

ஆதலின் இளைஞர்காள்! சமுதாயம் நமக்கு மொழியும் கல்வியும் கருவியும் தந்தது. அதற்கு நாம் கடன்பட்டுள்ளோம். அக்கடனைத் தீர்க்கும் வழி கண்மூடி ஒத்தோடுவதன்று. பிறர் நம்மீது சுமத்துவதை ஆராய்வது எளிது. நம்முள் ஊறியதை ஆராய்வதே அரிது. நாவலர் முன்னதைச் செய்து காட்டினார். பின்னதைச் செய்து முடிப்பது அவர் வழிவந்த நம் கடன். ஊர் ஓடும்பொழுது ஒரு கணம் நின்று, எங்கே ஓடுகின்றோம் என்று வினவுவோமாக.