பழவேற்காட்டு இசைக்கு ஓர் ஆய்வாளர் வேண்டும்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைத்துறை தொடங்கியது 1932-இல். பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி வளர்த்தெடுத்த துறை அது. அன்று முதல் தமிழகத்தில் இசையில் முனைவர் பட்டத்துக்கு எழுதப்பட்ட ஆய்வேடுகளில் வாக்கேயகாரர்களும் இராக இலட்சணமும் சுவடிகளுமே பெரும்பங்கைப் பெற்றிருக்கின்றன. அந்த உழைப்பு பெரிது. தஞ்சை அரசர் காலத்து இசையை எஸ். சீதா ஆராய்ந்து எழுதிய நூல் இல்லாமல் இன்றும் அத்துறையில் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. ஆனால் அதே பல்கலைக்கழகத்துக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கும் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களும் இசையாய்வுக்கு உரிய களமே. இதை அழுத்திச் சொல்லவே இக்கட்டுரை.

நெய்தல் நிலத்துக்கு விளரி யாழ், செவ்வழிப் பண், மீன்கோட்பறை என்று தனியே இசை வகுத்த மரபு நம்முடையது. சிலப்பதிகாரத்தின் கானல்வரி கடற்கரைப் பாட்டுகளால் ஆனது. நம் காலத்துக்கு வந்தால், மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைப் பற்றி எழுதியவர் விபுலானந்தர். அப்பகுதியின் காரைதீவில் 1892-இல் பிறந்த அவர், பழந்தமிழ் இசையை ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வெளிவந்தது. உப்பங்கழி ஓரத்தில் பிறந்தவரிடமிருந்து அத்தகைய ஆய்வு வந்திருக்கும்போது, பழவேற்காட்டுக் குப்பத்துப் பிள்ளை ஒருவர் நாளை இசை முனைவராக வர முடியாதா? வர வேண்டும் என்பதே என் ஆசை.

அங்கே ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பவருக்குக் கரைவலை இழுப்பைத்தான் காட்டுவேன். வலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு வரிசை ஆட்கள் பிடித்து இழுக்கிறார்கள். வலை கரையை நெருங்க நெருங்க வரிசைகளும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டில் ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்றோ ஐலசா என்றோ ஏற்றுப் பாடுவார்கள். எடுப்பவரின் அடியில் சொல் மாறும். ஏற்பவரின் அடி மாறாது. இழுப்பின் விசை பாட்டின் எந்த இடத்தில் விழுகிறது? மூச்சு வாங்க எங்கே இடைவெளி? வலையின் மடி கரையேறும் நேரத்தில் காலம் துரிதப்படுகிறதா, அடி சுருங்குகிறதா? எதிர் வரிசை அதே அடியில்தான் சேருகிறதா? ஆதி தாளத்துக்குள் அடக்கி ஸ்வரம் எழுதினால் இவற்றில் பாதி நழுவிவிடும். நா. வானமாமலை போன்ற பெருந்தொகுப்பாளர்கள் நாட்டுப்பாடல்களின் சொற்களை அச்சேற்றிக் காத்தார்கள். மெட்டையும் காலப்பிரமாணத்தையும் எழுதி வைப்பது இசை படித்தவர்களின் கடமை. அதை நாம் போதுமான அளவு செய்யவில்லை.

இனித் தாமதிக்கவும் முடியாது. சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பெருமளவு பிடித்துக்கொண்டன. மோட்டார் ஓடும்போது தண்டு வலிப்பவருக்கான பாட்டுக்கு வேலை இல்லை. அந்தப் பாட்டு உடம்பில் பதிந்திருப்பவர்கள் இன்று முதியவர்கள். அவர்களைத் திண்ணையில் உட்காரவைத்துப் பாடச் சொல்வதோடு நிறுத்தக் கூடாது. கையில் கயிற்றைக் கொடுத்து, இழுக்கும்போதே பதிவு செய்ய வேண்டும்.

2022-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், பொதுவாக 6 ஆண்டுகள் வரை. அந்த 3 ஆண்டுகளில் 3 வடகிழக்குப் பருவமழை. முகத்துவாரத்தில் மணல் மேடிடுவதும் மழைவெள்ளத்தில் அது திறப்பதும், இறால் வரத்தும், ஏரியில் முறைவைத்து வலை கட்டும் பாடு ஏற்பாடும் தெரியாமல் எந்தப் பாட்டுக்கு எப்போது வேலை என்று சொல்ல முடியாது. படகு மட்டுமே களமும் அல்ல. கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர், மகிமை மாதா ஆலயத்தில் பாடுவோர், ஊரின் முஸ்லிம் குடும்பங்கள், ஏரியின் பெரும்பகுதி அமைந்துள்ள ஆந்திரத்தின் தெலுங்கு பேசும் மீனவர்கள் என இத்தனை செவிகளும் குரல்களும் ஒரே நீர்ப்பரப்பைச் சுற்றி வாழ்கின்றன.

இசையமைப்பைப் பாடமாக எடுப்பவருக்கும் இங்கே வேலை உண்டு. ஹங்கேரியில் இசையமைப்பாளர்களான பார்டோக்கும் கோடாயும் கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுச் சேகரித்து, 1906-இல் இருவரும் சேர்ந்து ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். பார்டோக்கின் பிற்காலப் படைப்புகளில் அந்தக் கேள்வியறிவு ஊறிக் கிடக்கிறது. நம்மவர் பலர் மீனவர் பாட்டு என்றதும் ஐலசாவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். எடுப்பும் ஏற்பும் ஒன்றன்மேல் ஒன்று விழும் அந்த அமைப்பே சேர்ந்திசைக்கு ஏற்ற கருப்பொருள். அதைச் செவியில் வாங்கிக்கொண்டு எழுதுபவர் தமிழுக்குப் புதியதொரு சேர்ந்திசையைத் தருவார்.

நெறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய தலைப்போடு மாணவர் வரும்போது, இது நாட்டுப்புறவியல் துறைக்கு உரியது என்று திருப்பி அனுப்பாதீர்கள். மாணவர்களுக்கும் ஒன்று: ஊர்ப் பஞ்சாயத்தாரின் சம்மதம் பெற்றபின் ஒலிப்பதிவைத் தொடங்குங்கள், பாடியவர் பெயரை வெளியிட அவரிடமே அனுமதி கேளுங்கள், ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கும் அன்றே பதிவுகளின் முழுப் படி ஒன்றை அந்தக் குப்பத்திலும் கொடுத்துவிடுங்கள்.